இரண்டு அறைத் தொட்டி

முற்றத்தைத் தோண்டி மண்ணுக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிவிடுவது என்று பெரியவர் ஒருவழியாக முடிவெடுத்தபோது, அந்தத் தொட்டி வேண்டும் வேண்டும் என்று ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆள் பட்டறைக்கு வருவதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

கல் அறுக்கிற பட்டறை. தரைக்கும் படிக்கட்டுக்கும் சமையல் மேடைக்கும் பெரிய பெரிய கல்லைப் பலகையாக அறுத்துக் கொடுப்பார்கள். தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், முன்னால் லாரி வந்து நிற்கிற முற்றம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சொந்தம். வேலையாட்கள் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் கூப்பிட்டுப் பழகி, அதுவே இருவருக்கும் பேராகிவிட்டது. கல் வாங்குவது, ஆர்டர் பிடிப்பது, வருகிறவர்களிடம் பல்லைக் காட்டிப் பேசுவது எல்லாம் பெரியவர். அறுவை மெஷின் சின்னவர். அந்த வட்டப் பிளேடின் முன்னால் பதினாறு வருஷம் நின்றார். பிளேடு போகிற சத்தத்தை வைத்தே கல்லுக்குள் எங்கே விரிசல் இருக்கிறதென்று சொல்லிவிடுவார்.

பிளேடு கல்லைத் தொடுகிற இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். விழுந்தால் தூசு சேறாகிக் காலடியில் ஓடும். விழாவிட்டால் மாவாக எழும்பி, கூரை வரை போய், அங்கிருந்து நிதானமாக இறங்கி மூக்கிலும் வாயிலும் உட்காரும். தண்ணீருக்கு ஒன்றும் குறைவில்லாமல்தான் இருந்தது. ஒருமுறை விழுந்த தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போய்ச்சேரும். யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. பிறகு ஒரு வெயில் காலத்தில் போர்க்குழாய் காற்றை இறைத்தது.

அன்றைக்கு ஒரு ஓட்டலுக்குப் படிக்கட்டுக் கல் போய்ச்சேர வேண்டும். லாரி முற்றத்தில் நிற்கிறது. பெரியவர் சொன்னார்: “இன்னைக்கு ஒரு நாள் மட்டும் தண்ணி இல்லாம ஓட்டிடு தம்பி. வாக்குக் குடுத்துட்டேன்.”

சின்னவர் ஒரு துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு ஓட்டினார்.

அந்த ஒரு நாள் ஆறு வருஷம் நீண்டது. வாரத்துக்கு இரண்டு தடவை லாரியில் தண்ணீர் வரும். வந்த நாள் ஈரம். மற்ற நாள் புழுதி. நடுநடுவே சின்னவர் பேச்சை எடுப்பார்.

“விழுற தண்ணியையே புடிச்சுத் திருப்பி விட்டா என்னண்ணே? தரைக்குள்ள ஒரு தொட்டி, ஒரு மோட்டார். முடிஞ்சுது வேலை.”

“முற்றத்தத் தோண்டிப் போட்டா லாரி என் தலை மேலயா நிக்கும்? அடுத்த வருஷம் பாக்கலாம்ப்பா.”

அடுத்த வருஷம் வரும். மழை கொஞ்சம் பெய்யும். போரில் கொஞ்சம் தண்ணீர் ஊறும். பேச்சு அப்படியே அமுங்கிப் போகும்.

பெரியவர் கல்நெஞ்சுக்காரர் ஒன்றும் இல்லை. அம்மா அப்பா அடுத்தடுத்துப் போனபோது தம்பிக்குப் பதினோரு வயது. தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிடந்தது, பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அவர்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள அவருக்கு நேரமே வரவில்லை. தம்பி வீட்டிலேயே சாப்பாடு, தம்பி வீட்டிலேயே படுக்கை. தம்பிக்கு லேசாகத் தும்மல் வந்தாலும் பதறுகிற மனுஷன் தூசியை மட்டும் பார்க்கவில்லை. தூசு எல்லோர் மேலும்தான் விழுந்துகொண்டிருந்தது. அதனால் கண்ணில் படவில்லையோ என்னவோ.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னவரின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன வேலை பாக்குறாரு?”

“கல்லு அறுக்குறது” என்றார் பெரியவர்.

“தண்ணி விட்டு அறுப்பீங்களா, விடாமலா?”

சின்னவரின் மனைவிதான் சொன்னாள்: “விடாம.”

கல் தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்து இறுகிவிட்டது, அதை எடுக்க மருந்து கிடையாது, இனி இருக்கிறதைப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். நல்ல மனுஷர், சுற்றி வளைக்காமல் சொன்னார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதிலிருந்து அவள் பெரியவரோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

சோறு போடாமல் இல்லை. அதே தட்டு, அதே இடம், கேட்காமலே இரண்டாம் தடவைச் சோறு. சட்டையைத் துவைத்து மடித்துக் கட்டில் மேல் வைத்திருப்பாள். வார்த்தைதான் இல்லை. ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் புருஷன் பக்கம் திரும்பி, “உங்க அண்ணனுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க” என்பாள். அதைத் திருப்பிக் கேட்பதற்குக்கூடச் சின்னவருக்கு மூச்சு செலவாகும். அதனால் அவர் அண்ணனைப் பார்ப்பார். பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டுவார். தாகமாக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் ஆட்டுவார்.

*

தொட்டி விற்கிற இடம் ஊருக்கு வெளியே, வேலி போட்ட ஒரு பெரிய திடல். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகள் வெயிலில் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. துணைக்கு மெருகு போடுகிற ஆளை அழைத்துப் போயிருந்தார் பெரியவர். நாற்பது வயதுக்காரர், விடிந்ததிலிருந்து வாய் ஓயாததால் பட்டறையில் அவருக்கு ரேடியோ என்று பேர்.

கடைக்காரர் ஒரு தொட்டியைத் தட்டிக் காட்டினார். “ஒரே வார்ப்பு சார். ஒட்டே கிடையாது. மண்ணுக்குள்ள போட்டா நூறு வருஷத்துக்கு அசையாது.”

“அசையலன்னு பாக்குறதுக்கு நீங்க இருப்பீங்களா?” என்றார் ரேடியோ.

“நான் இல்லன்னா என் பையன் இருப்பான்.”

“அவனும் இப்படித்தான் பேசுவானா?”

பெரியவர் போனில் தம்பியைக் கூப்பிட்டு, சத்தத்தைக் கூட்டி நடுவில் நீட்டினார். அந்தப் பக்கம் முதலில் மூச்சுத்தான் கேட்டது. நான்கு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி இழுத்துக்கொள்வார் சின்னவர்.

“மேல லாரி போகும்னு... சொன்னியாண்ணே?”

“லாரியா? கார்னா தாங்கும்...” என்று தலையைச் சொறிந்தார் கடைக்காரர்.

“சேறு அள்ளுறதுக்கு... மாசம் ஒருக்கா காலி பண்ணணும். ... மழைக்காலத்துல நம்ம முற்றத்துல... கீழ தண்ணி ஊறும். ... காலித் தொட்டிய அது மேல தூக்கிடும். ... படகு மாதிரி வந்து நிக்கும்.”

கடைக்காரர் ரேடியோவிடம் மெதுவாகக் கேட்டார்: “யாரு, எஞ்சினியரா?”

“எங்க சின்னவரு” என்றார் ரேடியோ. காலையிலிருந்து அவர் அவ்வளவு சின்னதாகப் பேசியது அப்போதுதான்.

“அப்ப எது வாங்கட்டும் தம்பி?” என்று போனில் கேட்டார் பெரியவர்.

“வாங்க வேணாம். ... காங்கிரீட்ல கட்டு. ... கனமா. ... மேல மூடியும் லாரி தாங்குறாப்புல...”

பின்னால் சின்னவர் மனைவியின் குரல்: “போதும், வைங்க. உதடு நீலமாகுது.” போன் அணைந்தது.

*

மோட்டார் எது என்று முடிவு செய்தது வீட்டில். சின்னவர் ஜன்னலோரம் நாலு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். படுத்தால் மூச்சு முட்டும். மூக்கில் குழாய். கட்டிலடியில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருக்கும். அவள் தரையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து, கடையில் கொடுத்த காகிதங்களை ஒவ்வொன்றாகத் தம்பியின் மடியில் வைத்தார். பக்கத்தில் ஒரு நோட்டு, காதில் பென்சில்.

“இது அஞ்சு ஹார்ஸ் பவராம். இருக்கிறதுலயே பெருசு. இதையே போட்டுடலாமா?”

சின்னவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

“ஏண்ணே... நம்ம என்ன தீயா அணைக்கப் போறோம்? ... பெருசா இழுத்தா சேறு உட்காராது. ... கலங்குன தண்ணியே... பிளேடுக்குத் திரும்ப வரும். ... பிளேடும் போயிடும், மோட்டாரும் போயிடும். ... ஒரு ஹார்ஸ் பவர் போதும். ... தண்ணி அவசரப்படக் கூடாது.”

“சரி, தொட்டி ஒரே அறையாவா?”

“ரெண்டு. ... மொத அறையில வந்து விழட்டும். ... நடுவுல ஒரு சுவரு, தொட்டி உசரத்துக்கு முக்காவாசி. ... சேறு இந்தப் பக்கமே உட்காந்துடும். ... தெளிஞ்சது மட்டும் மேல வழிஞ்சு... அந்தப் பக்கம் போகும். ... மோட்டார் அங்க.”

“அடியிலயா?”

“அடியில வைக்காத. ... ஒரு அடி உசரம் கல்லு போட்டு அது மேல. ... என்னதான் தெளிஞ்சாலும் கொஞ்சம் சேறு வந்துதான் தீரும்.”

பெரியவர் எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்துக் காட்டினார். மறுபடி கேட்டார்: “சுவரு முக்காவாசின்னா, ரொம்ப உசரம் இல்லையா?” ஏன் முக்கால்வாசி என்று அவருக்குப் புரியாமல் இல்லை. தம்பி மெஷினைப் பற்றிப் பேசும்போது அந்த முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் வருகிறது. அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

அவள் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே, கீரையிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: “தெரிஞ்சதையே திருப்பித் திருப்பிக் கேக்குறாங்க. செலவாகுறது யாரு மூச்சுன்னு யோசிக்க வேணாமா?”

பெரியவர் நோட்டை மூடினார்.

“விடு...” என்றார் சின்னவர் அவளைப் பார்த்து. “இதாவது பேசுறேனே.”

*

குழி தோண்ட ஆறு நாளானது. ஏழாம் நாள் கம்பி கட்டி, பலகை அடித்து, காங்கிரீட் கொட்டத் தயாராக இருந்தபோது, கொட்டுவதற்கு முன்னால் ஒருதரம் பார்க்க வேண்டும் என்று சின்னவர் பிடிவாதமாக நின்றார். தூசு இருக்கிற இடத்துக்கு அவர் போகவே கூடாது. அதைக் கேள்விப்பட்டு ரேடியோவும் மற்ற இரண்டு ஆட்களும் காலை ஐந்து மணிக்கே வந்து, சுவர், கூரைச் சட்டம், மெஷின் என்று ஒரு இடம் விடாமல் ஈரத்துணியால் துடைத்து, தரையை நான்கு தடவை கழுவிவிட்டிருந்தார்கள்.

ஆட்டோவிலிருந்து இறங்கியவர் முதலில் மெஷின் பக்கம் போய்ப் பிளேடைத் தொட்டார். பிறகு குழியின் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

“இறங்கணும்ண்ணே.”

“எப்படிடா இறங்குவ?”

“நீதான் இறக்கணும்.”

பெரியவர் குனிந்தார். சின்னக் குழந்தையாக இருந்தபோது ஏறியதுபோல, தம்பி அவர் முதுகில் தொற்றிக்கொண்டு கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டார். ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார் பெரியவர். கனத்தைத் தாங்குவதற்காக மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் குனிந்தார். தாங்குவதற்குக் கனமே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து புரட்டுகிற கல்லைத் தனியாகப் புரட்டிய தோள், இப்போது எலும்பும் சட்டையுமாக அவர் முதுகில் கிடந்தது. பின்கழுத்தில் அந்த மூச்சு, விட்டு விட்டு, சீழ்க்கை போலப் பட்டது.

உள்ளே குளுமை. சின்னவர் நடுச்சுவர் வருகிற இடத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பியை ஆட்டிப் பார்த்தார். கையை மார்பு உயரத்தில் வைத்து, “இது வரைக்கும் சுவரு. ... சரியா இருக்கு” என்றார். மேலே ஆட்கள் நகர்ந்து போய்விட்டார்கள். நாலு பக்கமும் மண். அண்ணனும் தம்பியும் மட்டும்.

ஐந்தாறு மாதமாகத் தொண்டையில் நின்றதைப் பெரியவர் அப்போது எடுத்தார். “தம்பி... அன்னைக்கு லாரி வந்து நின்னப்ப நான் உன்கிட்ட...”

சின்னவர் கையைத் தூக்கினார்.

“சொல்லாதண்ணே.”

“சொல்லிடுறேன்டா.”

“நீ சொன்னா... நான் பரவாயில்லன்னு... சொல்லணும்.” நின்று, இழுத்து, மறுபடி: “அவ்வளவு மூச்சு... என்கிட்ட இல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. மோட்டார் பெரிதாக வேண்டாம் என்று சொன்ன அதே குரல்தான். பிறகு தம்பி அண்ணனின் தோளில் கை போட்டார். “மேல ஏத்து. முட்டுது.”

*

காங்கிரீட் இறுகுவதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேறு யாரையும் விடாமல் பெரியவரே காலையும் மாலையும் வாளி வாளியாகச் சுவரில் ஊற்றினார். பன்னிரண்டாம் நாள், பதினோரு மணி வெயிலில் ஊற்றிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். அவள் நம்பர். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த நம்பர். பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. இருந்தும் காதில் வைத்தார்.

“வாங்க” என்றாள். அவ்வளவுதான்.

கையிலிருந்த வாளியை எங்கே வைத்தார், வீட்டுக்கு எப்படிப் போனார் என்று அவருக்கு நினைவில்லை. போனபோது ஆக்சிஜன் மெஷினை அவள் அணைத்திருந்தாள். அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை அவர் கேட்டு வெகுநாளாகியிருந்தது. சின்னவர் தலையணையில் சாய்ந்தபடியே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். நெற்றியில் சுருக்கம் இல்லை. பெரியவர் கட்டிலடியில் உட்கார்ந்து, தம்பியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நகக்கண்ணில் எத்தனை கழுவினாலும் போகாத வெள்ளைத் தூசு இருந்தது. அதைத் துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரோ வந்து கையை விலக்கும்வரை துடைத்தார்.

*

பட்டறை இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று எலக்ட்ரீஷியன் வந்து மோட்டாரை இறக்கினார், ஒரு அடி உயரக் கல்லின் மேல். லாரித் தண்ணீரைத் தொட்டி நிறைய ஊற்றினார்கள். அந்த நேரத்தில்தான் சின்னவரின் மனைவி ஒரு பையோடு வந்தாள். மெஷினுக்குப் பின்னால் அலமாரியில் அவருடைய மாற்றுச் சட்டையும் செருப்பும் ஸ்பானர்ப் பெட்டியும் இருந்தன. எடுத்துப் போக வந்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தாள்.

அறுவை மெஷினில் யார் நிற்பது என்று பேச்சு வரவில்லை. பெரியவர் போய் நின்றார். ஸ்விட்சைப் போட்டதும் மண்ணுக்கடியில் மோட்டார் மெல்ல முனகியது. குழாயில் ஒரு இருமல், ஒரு துப்பல், பிறகு தண்ணீர், அவசரப்படாமல், நூல் பிடித்ததுபோல விழுந்தது. பிளேடைக் கல்லில் இறக்கினார். வெள்ளைச் சேறு வழிந்து, காலடிக் கால்வாயில் ஓடி, தொட்டியின் முதல் அறைக்குள் விழுந்தது. கால் மணி நேரம், அரை மணி நேரம். பிளேடுக்கு வருகிற தண்ணீர் தெளிவாகவே வந்தது.

தூசு இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சுவர் தெரிந்தது; அதில் மாட்டியிருந்த கடிகாரத்தில் மணி தெரிந்தது. ஆட்கள் முகத்தில் கட்டியிருந்த துணியை ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். இவ்வளவுதானா, இதற்குத்தானா என்று பெரியவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். ஆறு நாள் தோண்டல், நான்கு சுவர், ஒரு ஹார்ஸ் பவர்.

ஈரத்தில் அறுக்கும்போது சத்தமும் குறைவு. அதனால்தான் அது காதில் விழுந்தது. ரேடியோ மூலையில் மெருகு போட்டபடி இருமினார். ஒன்று, இரண்டு. நிறுத்தி, நெஞ்சைத் தடவிக்கொண்டு, மறுபடி ஒன்று. வறண்ட இருமல்.

பெரியவர் மெஷினை நிறுத்தினார். “ரேடியோ, எத்தனை நாளா இது?”

“எது முதலாளி?”

“இருமல்.”

“அட, தூசு. ஒரு டீ உள்ள போனா அடங்கிடும்.”

“இப்ப எங்க இருக்கு தூசு?”

ரேடியோ சுற்றும் முற்றும் பார்த்தார். கூரையைப் பார்த்தார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷன், கையிலிருந்த மெருகுக் கல்லை ஈரத் தரையில் வைத்தார்.

“கையக் கழுவிட்டு வா. டாக்டர்கிட்ட போறோம்.”

“இன்னைக்குக் கல்லு போகணுமே முதலாளி.”

“கல்லு கிடக்கட்டும்.” மற்றவர்களிடம் திரும்பினார். “மோட்டார் ஓடாம எவனும் பிளேடத் தொடக் கூடாது. வாக்குக் குடுத்திருக்கேன்னு நானே வந்து சொன்னாலும் தொடக் கூடாது.”

பட்டறையின் சரக்கு வண்டியை எடுக்கப் போனபோது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பையை ஆட்களிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.

“நானும் வர்றேன்” என்றாள். பெரியவரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவரிடம்தான் சொன்னாள். “டாக்டர் என்ன கேப்பாருன்னு எனக்குத்தான் தெரியும்.”

வண்டியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ரேடியோ நடுவில். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி வரை அவர் இருமலை அடக்கிக்கொண்டே வந்தார். பிறகு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்:

“சின்னவருக்கு மொதல்ல எப்படிங்கம்மா இருந்துச்சு?”

“இப்படித்தாண்ணே” என்றாள் அவள். ரேடியோ தன் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு உடனே சொன்னாள்: “ஆனா நாங்க ரொம்ப லேட்டாப் போனோம். இருமிக்கிட்டே ஒரு வருஷம் ஓட்டிட்டாரு. நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க.”

அது நிஜமில்லை. சின்னவர் முதல்முதலாக இருமிய அந்த வாரமே மூன்று பேருமாகக் கிளம்பி, இதே சாலையில் இதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். ரேடியோ, அப்படித்தானா என்று கேட்பதுபோலப் பெரியவர் பக்கம் திரும்பினார். அவர் தலைக்கு மேலாக அவளும் பெரியவரைப் பார்த்தாள்.

“ஆமாப்பா” என்றார் பெரியவர். “நாங்க லேட்டாத்தான் போனோம்.”